ஏழாங்கட்டையில் காப்புக் கட்டிய பவுனம்மாள்

போன ஆடியில் மாரியம்மன் கோயில்காரர்கள் மஞ்சள் கயிற்றுத் தட்டோடு எங்கள் சந்துக்கு வந்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வீடுகளுக்குப் பின்புறம் சாக்கடையை ஒட்டிப் போகிற சந்து. ஆணும் பெண்ணும் வரிசையாகக் கையை நீட்டிக் காப்புக் கட்டிக்கொண்டார்கள். ஆப்பக்காரப் பவுனம்மாள் மட்டும் மாவுக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு வேணாம். என் கை சுத்தமில்லாத கை. நானாச் சொல்லலைங்க, ஆத்தாளே சொன்னது."

தட்டுக்காரர் சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். "அந்தம்மா எப்பவும் அப்படித்தான் வாத்தியாரே. மூஞ்சியைப் பாக்கவா போறோம்? ஆப்பத்துக்குத்தானே போறோம்!" என்றார் என்னிடம் ரயில் பட்டறையில் வேலை பார்க்கும் தம்புசாமி.

எனக்குப் பவுனம்மாளின் அந்தச் சொல் மனத்தைவிட்டுப் போகவில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவன் நான். கல்லூரியில் எங்களுக்குப் பாடம் சொன்னவர்கள் காப்பு, கரகம், சாமியாட்டம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, மூடப்பழக்கம் என்று மூலையில் எறிந்தார்கள். பரீட்சையில் நானும் அப்படியே எழுதி நல்ல மார்க் வாங்கினேன். ஆனாலும் காப்புக் கட்டுகிற கிராமத்தில் வளர்ந்தவன் ஆனதால், ஒரு மனுஷி அந்தக் கயிற்றுக்குக் கை கொடுக்க மறுத்தால் அதற்குப் பின்னால் பெரிதாக ஏதோ இருக்கும் என்று தெரியும். கேட்டேன். ஒரே மூச்சில் அவள் சொல்லவில்லை. மாதக் கணக்கில், ஒரு ஆப்பம் வேகிற நேரத்துக்கு ஒரு துண்டாகச் சொன்னாள். அதை ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

பவுனம்மாள் முசிறிப் பக்கத்துக்காரி. வாந்திபேதியில் தாயும் தகப்பனும் ஒரே வாரத்தில் போக, தம்பி அய்யாவுவை இடுப்பில் வைத்துக்கொண்டு கங்காணி ரெங்கசாமியின் கூட்டத்தோடு கப்பல் ஏறினாள். கிள்ளானிலிருந்து ஏழு மைல் தள்ளி இருந்த ரப்பர்த் தோட்டம் அது. மைலுக்குக் கட்டை என்று சொல்கிற ஊர் ஆனதால் ஏழாங்கட்டைத் தோட்டம். முதுகில் தம்பியைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டினாள். அங்கேயே சபாபதி என்கிற நல்ல மனுஷனைக் கல்யாணம் செய்தாள். பிள்ளை இல்லை. அய்யாவு இருக்கிறானே, அது போதும் என்றிருந்தாள்.

அய்யாவு மீசை அரும்பிய வயதிலேயே சாமியாடத் தொடங்கினான். தோட்டத்து மாரியம்மன் அவன்மேல் வந்துவிட்டால் நெருப்பு, முள், கல் எதுவும் அவனுக்குத் தெரியாது. முழங்கால் கிழிந்து ரத்தம் கொட்டும். மலையேறின பிறகுதான் "அக்கா, வலிக்குதே" என்பான். அவள்தான் மஞ்சளைக் குழைத்து அப்புவாள். தம்பியின் மேல் இறங்குவது ஆத்தாள்தான் என்பதில் அவளுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

ஜெர்மனி யுத்தம் முடிகிற சமயம், தீபாவளிக்கு முந்தின மாதத்தில் அந்த விஷக்காய்ச்சல் வந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்தவன் மறுநாள் மாலை குழிக்குப் போனான். பக்கத்துத் தோட்டங்களில் பால் எடுக்க ஆளில்லை, பிணம் தூக்கவும் ஆளில்லை. கிள்ளானுக்குச் சாமான் வாங்கப் போன கோயில் பண்டாரம் திரும்பி வரவே இல்லை. மருந்துக்காரர் ஒரு கலயத்தில் கசப்புத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு அடுத்த தோட்டத்துக்கு ஓடினார்.

அப்போதுதான் பவுனம்மாள் குழாயடியில் அந்தப் பேச்சை எடுத்தாள். "காப்புக் கட்டிருவோம்."

"ஆடி மாசமா இது? புரட்டாசியில எவடி காப்புக் கட்டுவா?" என்றாள் பக்கத்து வீட்டு நல்லம்மாள்.

"நோவு மாசம் பாத்தா வருது? ஊர்ல காப்புக் கட்டிட்டா என்ன செய்வோம்? எல்லையைத் தாண்டி ராத் தங்க மாட்டோம். வெளியாளை உள்ள விடமாட்டோம். அதைத்தான் சொல்றேன்."

அன்று மாலையே ஆத்தாள் அய்யாவுமேல் வந்தாள். கங்காணியைப் பார்த்து, "டேய் ரெங்கசாமி, என் எல்லையை அடைடா" என்று கூவினாள். தோட்டமே விழுந்து கும்பிட்டது. பண்டாரம் இல்லாததால், ஆடிக் கூழுக்கு முன்னால் நிற்கிற பவுனம்மாளே தலைக்குக் குளித்து, எல்லாருக்கும் மஞ்சள் கயிறு கட்டினாள்.

எல்லையை அவளே நடந்து வகுத்தாள். மேற்கே ஆறு, கிழக்கே கிள்ளான் ரோடு. மரங்களெல்லாம் எல்லைக்கு உள்ளேயே இருந்ததால் பால் வெட்டு நிற்கவில்லை. தோட்டத்துத் துரைக்கும் முதலில் ஒன்றும் உறுத்தவில்லை. கடைக்காரனின் வண்டி ரோட்டோரத்தில் அரிசி மூட்டையை இறக்கிவிட்டுப் போகும்; வெயிலில் கிடந்து காய்ந்த பிறகுதான் மூட்டையைத் தொடுவார்கள். கிள்ளான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய ஒரு குடும்பத்தைப் பழைய மாட்டுக் கொட்டகையில் தங்கவைத்து, வாசலில் கஞ்சியை வைத்துவிட்டுத் தள்ளி நின்று பேசினார்கள். விரோதத்தில் செய்யவில்லை. காப்புக் கட்டின ஊரில் அதுதான் முறை.

கள்ளுக்கடை எல்லைக்கு வெளியே. ஆண்பிள்ளைகள் தவித்துப்போனார்கள். "கள்ளுக்கடைக்காரன் பொண்டாட்டி உன் பேரைச் சொல்லி மண்ணை வாரித் தூத்துறாளாம் பவுனு" என்று சபாபதி சொல்வான். "தூத்தட்டும். நீங்க தெளிஞ்ச கண்ணோட என்னைப் பாக்குறது இப்பத்தான்" என்பாள். "அதனாலதாண்டி பயமா இருக்கு!" என்று அவன் சிரிப்பான்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் சாவு விழுந்துகொண்டே இருந்தது. ஏழாங்கட்டையில் ஒருவருக்கும் மூக்குக்கூட ஒழுகவில்லை.

தீபாவளி நெருங்கியது. போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் கப்பல் நிற்கிறது, ரப்பர்ப் பெட்டிகளை ஏற்ற ஆளில்லை. அங்கிருந்த கூலிகள் பாதிப்பேர் படுக்கையில். ஆளை அனுப்பு என்று துரை கங்காணிக்குச் சொன்னார். கங்காணி பெரட்டில் கேட்டுப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. "காப்புக் கட்டியிருக்குங்க. எல்லை தாண்ட முடியாது" என்றார்கள். மிரட்டலாம், ஆனால் கூலிகளின் வரிசை வீடுகளான லயமே சேர்ந்து மறுத்தால் பால் வெட்ட யார்? சாமி விஷயத்தில் கை வைக்கத் துரைக்கும் தயக்கம். ரெங்கசாமி கங்காணி கெட்டிக்காரர். சனங்களிடம் பேசுவதை விட்டுவிட்டு அய்யாவுவைத் தம் வீட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

அந்த வாரம் அய்யாவுவின் குதிகாலில் பால் கத்தி இறங்கியிருந்தது. தினமும் காலையில் அவள்தான் கட்டுப் போட்டாள். கங்காணி என்ன பேசினார் என்று அப்போது கேட்டாள். "ஒண்ணுமில்லக்கா. கால் எப்படியிருக்குன்னு கேட்டாரு" என்றான்.

மறுநாள் சாயங்காலம் பம்பை அடித்தார்கள். அய்யாவு துள்ளிக்கொண்டு களத்துக்கு வந்தான். கண்ணை உருட்டினான், நாக்கைத் துருத்தினான். எல்லாம் சரியாக இருந்தது. பவுனம்மாள் மட்டும் அவன் காலைப் பார்த்தாள். ஒவ்வொரு துள்ளலிலும் குதிகாலைத் தரையில் படாமல் தூக்கிக்கொண்டான். நெருப்பை மிதித்தாலும் தெரியாமல் ஆடுகிறவன், புண்ணுக்கு அஞ்சி விரலால் ஊன்றி ஆடினான்.

"என் மக்களே! கையில காப்பு இருக்கையில என்ன பயம்? கப்பலுக்குப் போங்க. வார வழியில கிள்ளான் பாசாருக்கும் போங்க. தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுங்க. கங்காணி ஐயா சொல்றபடி கேளுங்க. நான் முன்னால போறேன்."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. பெண்கள் குலவையிட்டார்கள்.

பவுனம்மாள் களத்துக்குள் இறங்கினாள். "டேய் அய்யாவு! நிறுத்துடா. இது ஆத்தா இல்லை. காலு வலிக்குதில்ல? ஆத்தாளுக்கு ஏதுடா குதிகால் புண்ணு? கங்காணியை ஐயான்னு கூப்புடுற ஆத்தாளை நான் எந்த ஊர்லயும் பாத்ததில்லை!"

பம்பை நின்றது. யாராவது சிரித்திருந்தால்கூட ஊர் பிழைத்திருக்கும் என்றாள் என்னிடம். ஒருவரும் சிரிக்கவில்லை. அய்யாவு அவளைப் பார்த்தான். தம்பியின் கண்தான் அது, சாமியின் கண் இல்லை. ஒரு நொடி பார்த்துவிட்டு, "ஆஆ!" என்று கத்திக்கொண்டு கீழே விழுந்தான்.

நல்லம்மாள்தான் முதலில் வாய் திறந்தாள். "ஆத்தாளையே எதுத்துப் பேசுறியே, நாசமாப் போறவளே! கன்னத்துல போட்டுக்கடி!"

"காப்புன்னா கயிறாடி? நாம உள்ளே கிடந்தோமே, அதுதாண்டி காப்பு. கயிறைக் கட்டிக்கிட்டுக் கப்பலுக்குப் போனா நோவு கயிறைப் பாத்துட்டு ஒதுங்குமா?"

அதை யாரும் கேட்கவில்லை. கங்காணி அவளைச் சாமி காலில் விழச் சொன்னார். அவள் விழவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சபாபதியிடம் மன்றாடினாள். "நீங்க போகாதீங்க. மத்தவங்க எப்படியோ போகட்டும்."

"ஊரெல்லாம் போறப்ப நான் மட்டும் எப்படி பவுனு? பொண்டாட்டி பேச்சைக் கேட்டு சாமி பேச்சைத் தட்டுனவன்னு ஆயிரும். நாளைக்கு இந்த லயத்துல குடியிருக்க வேணாமா? கட்டினது நீதானே? உன் கயிறு என்னைக் காப்பாத்தாதா?"

கடைசியில் சொன்னதை அவளைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னான். காப்பாற்றாது என்று அவள் சொன்னால் தான் கட்டியதே பொய்யாகிவிடும். காப்பாற்றும் என்றால் அவன் போய்விடுவான்.

போனார்கள். துறைமுகத்தில் பெட்டி ஏற்றினார்கள். கிள்ளான் பாசாரில் துணி எடுத்தார்கள், கள்ளும் குடித்தார்கள். மஞ்சள் கயிற்றுக் கையோடு பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள்.

தீபாவளியன்று லயத்தில் அடுப்பெரிந்த வீடுகள் குறைவு. கிள்ளானில் எடுத்த துணியில் சிலவற்றைப் பிள்ளைகள்மேல் போர்த்தியே குழிக்கு எடுத்துப் போனார்கள். நல்லம்மாளின் மூத்த மகனும் செத்தான். சபாபதிக்கு அதற்குப் பிறகுதான் காய்ச்சல் கண்டது.

மிஞ்சியவர்கள் கோயிலில் கூடிப் பம்பை அடித்து, ஆடிவந்த அய்யாவுவை மறித்துக்கொண்டார்கள். "காப்பு இருக்குன்னியே ஆத்தா! முன்னால போறேன்னியே! ஏன் கைவிட்டே?"

பவுனம்மாள் அங்கே இல்லை. புருஷன் பக்கத்தில் இருந்தாள். லயத்துச் சுவர் பலகைச் சுவர், கோயில் கூப்பிடு தூரம். தம்பியின் குரல் நன்றாகக் கேட்டது.

"கட்டின கை சுத்தமில்லை! எதுத்துப் பேசின வாயி! அந்தத் தோசம்தான்!"

அதைச் சொல்லும்போது அவன் குரல் நடுங்கவில்லை என்றாள். கூட்டம் சத்தம் போட்டுக்கொண்டு லயத்துக்கு வந்தது. ஒவ்வொருவராகக் கயிற்றை அறுத்து அவள் வாசலில் எறிந்தார்கள். நல்லம்மாள் எறியும்போது காறித் துப்பிவிட்டும் போனாள்.

உள்ளே சபாபதி கண்ணைத் திறந்தான். மூச்சு வாங்கியது. "பவுனு, கோச்சுக்காத. ஒண்ணு கேக்குறேன். அன்னைக்கு நீ தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டுத்தானே கட்டினே?"

அவளுக்கு நாக்கு எழவில்லை. எழுவதற்குள் அவனுக்கு நினைவு தப்பிவிட்டது. விடியும்போது உயிரும் இல்லை. ஊர் துப்பியது போகட்டும், தம்பி சொன்னதும் போகட்டும், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லையே என்பதைத்தான் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி ஆறமாட்டேன் என்கிறாள். "ஊத்திக்கிட்டேன்னு ஒரு வார்த்தை வாத்தியாரே! அதைக் கேட்டுட்டுப் போயிருப்பாரே மனுசன்!"

புருஷன் செத்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி வரவேண்டும். தகப்பன் இல்லையென்றால் தம்பி கொண்டுவர வேண்டும். அய்யாவு கொண்டுவந்தான். மடிப்புக் கலையாத வெள்ளைச் சேலை, தட்டில் வைத்து. அவன் தலையில் புதுத் துண்டு கட்டியிருந்தது. சின்னக் கங்காணி வேலை கொடுத்தாகிவிட்டது என்று அதைப் பார்த்துத்தான் அவள் தெரிந்துகொண்டாள்.

வாசலில் பெண்கள் நின்றார்கள். அவள் தட்டைத் தொடவில்லை.

"இதை யாரு போடுறா? எந் தம்பியா, இல்ல உம்மேல வந்த ஆத்தாளா?"

"அக்கா, ஊரு பாக்குது. வாங்கிக்கக்கா."

"பாக்கட்டும். ஊரு முன்னாலதானே சொன்னே. ஊரு முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லு. அன்னைக்கு வந்தது சாமி இல்லை, கங்காணி சொல்லி ஆடினேன்னு சொல்லு. வாங்கிக்கிறேன்."

அய்யாவு குனிந்த தலை நிமிராமல் மெதுவாகச் சொன்னான். "அதைச் சொன்னா என்னை உயிரோட விடமாட்டாங்கக்கா. செத்தவங்க வீட்டுக்காரங்க எல்லாம் நிக்கிறாங்க. நீ பொம்பளை, உன்னைத் திட்டுறதோட விட்டுருவாங்க."

"அதுக்காகவா எங் கையைக் காட்டினே?"

பவுனம்மாள் கோடி வாங்காமலே லயத்தை விட்டு இறங்கினாள். பிறந்த வீட்டுக் கோடியை மறுத்தவளுக்குப் பிறந்த வீடு இல்லை. அது எல்லாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கிள்ளானில் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் வந்து, ரயில்வே வீடுகளுக்குத் தண்ணீர் தூக்கி, பிறகு ஆப்பச் சட்டி போட்டாள்.

"அந்தச் சனங்கமேல எனக்குக் கோவமில்லைங்க. அதுக பாவம். சாமின்னு நம்பி மோசம் போச்சுக. என்னைத் துப்பினதுகூட நம்பித்தான் துப்பினாங்க. எல்லாத்துக்கும் காரணம் அந்த ஒருத்தன். நான் இடுப்புல வச்சு வளத்தவன்" என்பாள்.

சென்ற மாதம் ஏழாங்கட்டைத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் பரிசு வழங்க என்னை அழைத்திருந்தார்கள். பட்டம் பெற்ற தமிழன் ஒருவன் வந்து நாலு வார்த்தை பேசினால் பிள்ளைகளுக்கு ஊக்கமாக இருக்கும் என்று எழுதியிருந்தார்கள். எனக்கு மாலை போட்டவர் பெரிய கங்காணி அய்யாவு. முறுக்கிய மீசை, கோட்டு. பவுனம்மாளின் சந்தில் குடியிருப்பவன் நான் என்று அவருக்குத் தெரியாது. இன்னும் ஆடிக்கு ஆடி அவர்மேல் ஆத்தாள் வருகிறாளாம்.

ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த நல்லம்மாளைத் தேடிப் போய்ப் பேசினேன். பவுனம்மாளின் பெயரைச் சொன்னதும் தூளியை ஆட்டுவதை நிறுத்தினாள்.

"இருக்காளா? நல்லா இருக்காளா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நான் கேட்காமலே சொன்னாள்: "அது சாமி இல்லைன்னு அன்னைக்கே எங்களுக்கும் தெரியுந் தம்பி. அவளுக்கு மட்டுந்தான் கண்ணு இருந்துச்சா? களத்துல நின்ன எல்லாரும்தான் பாத்தோம்."

"பிறகு ஏன் போனீர்கள்?"

"எத்தனை நாளு உள்ளேயே அடைஞ்சு கிடக்கிறது? நல்ல நாள் வந்துருச்சு. பிள்ளைக துணிக்கு அழுவுதுக. ஆம்பளைக கள்ளுக்குப் பறக்குறாங்க. போகலாம்னு யாராச்சும் சொல்லமாட்டாங்களான்னு இருந்துச்சு. சாமி பேர்ல சொன்னான், போனோம். அப்புறம் பிள்ளை போயிருச்சே... நாமளா அனுப்பிச் சாகக் குடுத்தோம்னு ஒரு தாய் எப்படித் தம்பி சொல்லுவா? அவ கைன்னு சொன்னது லேசா இருந்துச்சு."

திரும்பி வந்ததும் பவுனம்மாள் கேட்டாள். நல்லம்மாளைப் பார்த்தீர்களா, என்ன சொன்னாள் என்று விடாமல் கேட்டாள். சொன்னேன். ஒரு வார்த்தையும் குறைக்கவில்லை.

ஆப்பச் சட்டியை இறக்கிவைத்து அடுப்பை அவித்தாள்.

"எல்லாருக்குமா?"

"அப்படித்தான் சொன்னார்."

"எங்க வீட்டுக்காரருக்குமா தெரிஞ்சிருக்கும்?"

என் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"பதினாலு வருசமா ஒருத்தனை மட்டும் வெறுத்துக்கிட்டு இருந்தேன் வாத்தியாரே. அதுக்கே இந்த உடம்பு இப்படி ஆயிருச்சு. இனிமே அத்தனை பேரையும் வெறுக்கணும்னா நான் எங்கே போவேன்?"

பட்டறைச் சங்கு ஊதியது. தம்புசாமியும் கூட்டாளிகளும் சந்துக்குள் வந்துவிட்டார்கள். "என்னம்மா, அடுப்பு அவிஞ்சு கிடக்கு? ஆப்பம் இல்லையா?" என்றார் அவர். "இல்லை, போங்க" என்றாள் பவுனம்மாள். அன்றைக்கு அவர்களும் ஒன்றும் கேலி பேசாமல் போனார்கள்.